பூசி மூடாதே, பிள்ளை

இந்த வருடம் ஏப்ரல் விடுமுறையில் அம்மா வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம்.

கூரில் எழுபதுகளில் கட்டிய ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடி அது. அப்பா 1989இல் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது அவரைக் கிராவ்புண்டன் மாநிலத்துக்குப் பிரித்து அனுப்பினார்கள். அவர் கேட்டு வந்த ஊர் இல்லை. 1993இல் அம்மாவும் நான்கு வயது நானும் வந்து சேர்ந்தோம். அன்று தொடக்கம் அதே வாடகை வீடுதான். பல்கனியில் நின்றால் கலண்டா மலை நேரே முன்னால் நிற்கும். அப்பா அரோசா ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்து ஓய்வெடுத்துவிட்டார். நான் கல்யாணம் கட்டிப் பத்து நிமிட பஸ் தூரத்தில் இருக்கிறேன்.

இங்கே வாடகைக்காரர் சங்கமும் வீட்டுச் சொந்தக்காரர் சங்கமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஓர் ஆயுட்கால அட்டவணை இருக்கிறது. அதன்படி சாதாரணச் சுவர்ப் பெயிண்டின் ஆயுள் 8 வருடம். அம்மா வீட்டுச் சுவருக்கு இருபது தாண்டிவிட்டது. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயிண்ட் காசு அவர்கள் தருவதாகவும், விரும்பினால் நாங்களே அடிக்கலாம், நிறம் வெள்ளையாக இருக்கவேண்டும் என்றும் பதில் வந்தது. ஆள் பிடித்து அடிக்க அவர்கள் சொன்ன தவணை ஒக்டோபர். அம்மாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. நானும் இவரும் பிள்ளைகளும் ரோலரோடு போய் இறங்கினோம்.

முதல் நாள் கொரிடோர். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், பழைய டெலிபோன் சொக்கெட் ஒன்று இருந்தது. எங்கள் எல்லாருடைய பெற்றோர் வீட்டிலும் இருந்ததுதான்: சதுர மூடி, நடுவில் அந்தப் பழைய சுவிஸ் பிளக்குக்கான ஓட்டை. வருடக்கணக்காக அதில் ஒன்றும் செருகியிருக்கவில்லை. வெள்ளைச் சுவரில் மஞ்சள் பற்றிப்போய் அசிங்கமாகத் தெரிந்தது. நான் திட்டத்தோடுதான் போயிருந்தேன். மூடியைக் கழற்றி, வயரை உள்ளே தள்ளி, வலைத்துண்டு வைத்து, புட்டி போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்தால் அப்படியொன்று இருந்ததே தெரியாது. இரண்டு மணித்தியால வேலை.

புட்டி வாளியைத் திறக்கும்போது அம்மா குசினியில் இருந்து வந்தார்.

"பிள்ளை, உதைப் பூசி மூடிப்போடாத."

"ஏனம்மா? உது வேலை செய்யிறேல்லையே."

"செய்யாட்டிலும் இருக்கட்டும்."

"வடிவில்லையம்மா. இனி ஆருக்குத் தேவை?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டார். எங்கள் அம்மாமாரின் இந்த ஒன்றும் சொல்லாமை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் வாளியை மூடி வைத்தேன்.

அந்தச் சொக்கெட்டில்தான் எங்கள் வீட்டு டெலிபோன் இருந்தது. கீழே சின்ன மேசை, மேசைக்கு மேலே தமிழ்க் கலண்டர். வயர் கட்டை. கதைக்கிறவர் கொரிடோரிலேயே நிற்கவேண்டும், கதைக்கிறது முழு வீட்டுக்கும் கேட்கும். 1997 முடியும்வரை டெலிபோன் என்றால் இங்கே பிடிடி மட்டும்தான். இலங்கைக்கு எடுத்தால் பில்லைப் பார்த்து அப்பா ஒரு கிழமை கதைக்கமாட்டார். 1998இல் சந்தை திறந்த பிறகு கார்ட்டுகள் வந்தன. சுரண்டி, நீள நம்பர் அடித்து, பிறகு 0094 அடித்து, "ஹலோ, ஹலோ, கேக்குதோ?" என்று கத்துவோம். கார்ட்டில் போட்டிருக்கும் நிமிடம் ஒருநாளும் முழுதாகக் கிடைத்ததில்லை. சாவீட்டுச் செய்தியும் அந்த மேசையில்தான் வந்தது, பிறந்த செய்தியும் அங்கேதான் வந்தது.

அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, வன்னியில் இருந்தார். 2002இல் சமாதான காலம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு, வவுனியாவுக்கு வரும்போதெல்லாம் ஒரு கொமினிகேஷன் கடையில் இருந்து எடுப்பார். இரண்டு தரம் அடித்துவிட்டு வைத்துவிடுவார். அதுதான் அடையாளம். அம்மா ஓடிப்போய் அந்தக் கடை நம்பருக்குத் திருப்பி எடுப்பார். மாமா எங்கள் நம்பரைக் கொப்பியில் எழுதி வைக்கவில்லை. பாட்டு மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தார்: "சைபர் சைபர் நாலு ஒண்டு, எட்டு ஒண்டு..." என்று தொடங்கி மிச்ச ஏழு இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லுவார். நான் போனை எடுத்தால் ஹலோ சொல்ல முதல் அதைப் பாடித்தான் தொடங்குவார்.

2008 கடைசியில், கிளிநொச்சி விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னம், தருமபுரத்தில் யாரோ ஒருவரின் போனில் இருந்து எடுத்தார். மூன்று நிமிடம் இருக்கும். "அக்கா, இனி எப்ப எடுப்பனோ தெரியாது." அதற்கு அம்மா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "நீ எப்ப எண்டாலும் எடு. நம்பர் மாறாது."

2009 மே மாதம் மாமி பிள்ளைகளோடு வட்டுவாகலால் வெளியே வந்தார். கூட வந்த மாமா அந்தச் சனத்துக்குள் தவறினார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் ஒருவரையும் நாங்கள் சந்திக்கவில்லை.

அம்மா படிவங்கள் நிரப்பினார். சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் சேவை ஊடாக ஒன்று. பிறகு இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காணாமற்போனோர் அலுவலகம் வந்தபோது மாமி அங்கே ஒன்று. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் உறவுகள் தொடங்கிய போராட்டத்திலும் மாமி போய் இருந்தார். இலங்கையில் காணாமற்போனவர்கள் என்று ஜெனீவாவில் உள்ள சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பதிவில் இருப்பவர்கள் 16,000க்கும் மேல். அதில் ஒருவர் எங்கள் மாமா. எங்கள் வீட்டில் அவருடைய படத்துக்கு மாலை போடுவதில்லை. திவசம் இல்லை. மாமி பொட்டு அழிக்கவில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். இருந்தும் அந்தச் சொக்கெட்டையும் மாமாவையும் நான் சேர்த்து நினைத்ததில்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன்.

"அம்மா, நம்பர் அந்த வயரில இல்லை. இப்ப போன் ரூட்டரிலதானே செருகியிருக்கு?"

ஸ்விஸ்கொம் பழைய அனலொக் டெலிபோனை 2017 முடிவோடு கைவிடுவதாக அறிவித்து, பிறகு பகுதி பகுதியாக நிறுத்தியது. அப்போது நானே வந்து போனைக் கொரிடோரில் இருந்து எடுத்து, ஹோலில் ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு கட்டடத்துக்குக் கண்ணாடி இழை வந்தது. கொரிடோர் வயர் அன்றே செத்துவிட்டது.

"அப்ப நம்பர் எங்க இருக்கு?"

"கொம்பனியின்ர கம்ப்யூட்டரில. ஒரு வரி. இந்த நம்பருக்கு அழைப்பு வந்தா இந்த வீட்டு ரூட்டருக்கு அனுப்பு எண்டு."

"அந்த வரியை ஆர் அழிக்கலாம்?"

"நாங்கள் ஒப்பந்தத்தை நிப்பாட்டினா அழிஞ்சிடும்."

"அப்ப நிப்பாட்டாத."

நான் மென்பொருள் பொறியியலாளர். ஐந்து வருடமாக அம்மாவிடம் "லேண்ட்லைன் எதுக்கு, வெட்டுவம், வீண் காசு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். அந்த 081 நம்பர்தான் செஞ்சிலுவைப் படிவத்திலும் மாமியின் படிவத்திலும் இருக்கிறது என்று அன்றுதான் தலையில் ஏறியது. எங்கள் வேலையில் பத்துப் பேருக்குக் கொடுத்த முகவரியை ஒருநாளும் சும்மா அழிக்கமாட்டோம். அதைப் பழைய காலத்தின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். அம்மா செய்தது சரியான வேலை. அம்மாவுக்கு அதைச் சொல்லிக் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் சொக்கெட்டைத் திறந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படியொன்று இருந்தால், நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில், இண்டர்நெட் எதால் வருகிறது என்று பாருங்கள். இன்னும் செப்புக் கம்பியால் வருகிறது என்றால் அந்தச் சொக்கெட்தான் உங்கள் இண்டர்நெட்டாக இருக்கலாம், கை வைக்காதீர்கள். வயரை மல்டிமீட்டரால் பாருங்கள். உயிருள்ள பழைய லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் அளவில் இருக்கும், மணி அடித்தால் கூடும். எங்களதில் சைபர் காட்டியது. மூடியின் ஓரம் முந்திய பெயிண்டோடு ஒட்டிப்போயிருக்கும். நேரே இழுத்தால் சுவர்ப் பூச்சு பிய்ந்து வரும்; கட்டரால் நாலு பக்கமும் கீறிவிட்டு எடுங்கள். சுவிஸில் அஸ்பெஸ்டஸ் தடை வந்தது 1990இல். அதற்கு முன் கட்டின வீடு என்றால், சுவரைத் துளைக்கவோ உரசவோ முன்னம் நிர்வாகத்திடம் கேளுங்கள். வாடகை வீட்டில் இந்த மாற்றத்துக்கு எழுத்தில் சம்மதமும் வேண்டும். நான் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன், அன்றே ஓம் என்று வந்தது. ஆனால் பெட்டியைச் சுவரோடு பூசவேண்டாம், திறக்கக்கூடிய மூடி போடுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். உள்ளே வயர் இருக்கிற பெட்டியைப் புதைத்தால் நாளைக்கு ஆணி அடிக்கிறவருக்கு அது அங்கே இருப்பது தெரியாது.

அம்மா சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

மேசையை இழுத்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. சொக்கெட்டுக்கு மேலே, கலண்டர் மறைத்த இடத்தில், நீலப் பேனையால் நம்பர்கள். அம்மாவின் கையெழுத்து. 021, 024 என்று தொடங்குபவை. பக்கத்தில் "வவு. கடை", "லொட்ஜ்" என்று குறிப்பு. பிள்ளைகள் சுவரில் கிறுக்கினால் அகப்பைக்காம்பு எடுக்கிற அம்மா!

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

"அம்மம்மாவே சுவரில எழுதினவா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம், நான்தான். அப்ப கடதாசி தேட நேரமில்லை."

"ஆற்றை நம்பர் இது?"

"என்ரை தம்பி வந்து நிண்டு கதைக்கிற கடை."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஷோகேசில் சைக்கிளோடு நிற்கிற மாமாவின் படத்தைக் காட்டி அவள் இரண்டு வருடம் முன்னம் என்னிடம் கேட்டிருக்கிறாள். "அம்மம்மான்ர தம்பி, ஊரில இருக்கிறார்" என்று சொல்லி நான் கடந்துவிட்டேன். சின்னப் பிள்ளை, நித்திரையில் பயப்படும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செத்துப்போனார் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. இருக்கிறார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. எங்களில் கனபேர் பிள்ளைகளிடம் இந்த இடத்தில் வந்து "ஊரில" என்ற சொல்லைப் போட்டு மூடிவிடுகிறோம்.

"அவர் இப்பவும் ஊரில அந்தக் கடைக்கு வாறவரா?" என்று மகள் கேட்டாள்.

நான் வாயைத் திறக்க முதல் அம்மா சொன்னார். "அவன் எங்க எண்டு எனக்குத் தெரியாது, குஞ்சு."

"செத்துப்போயிட்டாரா?"

"அதுவும் தெரியாது. சண்டை முடிஞ்ச நேரம் காணாமப் போனவன். தேடிக்கொண்டிருக்கிறம்."

மகள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். அழவில்லை. பயப்படவும் இல்லை. "இப்ப அவருக்கு எத்தினை வயசு?" என்று கேட்டாள்.

அம்மா விரலை மடித்தார். மாமா 1970. "அம்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய் நின்றார். எங்கள் கதைகளில் மாமா எப்போதும் முப்பத்தெட்டு வயதோடுதான் நிற்கிறார்.

"அவருக்கு இந்த வீட்டு நம்பர் ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும். அவனுக்குக் கணக்கு நல்லா ஓடும்" என்றார் அம்மா.

அன்று பின்னேரம் மகளுக்கு அந்தப் பாட்டு பாடம். சைபர் சைபர் நாலு ஒண்டு, எட்டு ஒண்டு. தமிழில் எண்ணும்போது எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தடுமாறுகிறவள், ரோலரைப் பிடித்துக்கொண்டு ஒரு பிழையில்லாமல் முழுதாகச் சொன்னாள். தம்பிக்காரனுக்கு ஐந்து வயது. அவன் "எட்டு ஒண்டு" மட்டும் பெரிதாகக் கத்துவான்.

சுவரில் இருந்த எழுத்தைப் படம் எடுத்தோம். பேனை மைக்கு மேலே நேரே வெள்ளை அடித்தால் மை ஊறி மேலே வந்துவிடும், எத்தனை தரம் அடித்தாலும். முதலில் கறை தடுக்கும் அடிப்பூச்சு ஒன்று அடித்துக் காயவிட்டு, பிறகு இரண்டு தரம் வெள்ளை அடித்தோம். அம்மாவிடம் "இதையும் விடவோ?" என்று கேட்டேன். "அந்தக் கடை இப்ப இராது. அடி" என்று சொல்லிவிட்டார். எதை விடவேண்டும், எதை விடத் தேவையில்லை என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

சொக்கெட்டின் உள்ளே நாலு வயர்: வெள்ளை, நீலம், நீலப்பச்சை, ஊதா. ஒவ்வொரு நுனிக்கும் இன்சுலேஷன் டேப் சுற்றி, வளைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். மேலே ஓட்டையில்லாத வெள்ளை மூடி ஒன்று, ஸ்குரூ போட்டு. மூடியின் உட்பக்கத்தில் ஜெர்மனில் "பழைய டெலிபோன் வயர், இணைப்பு இல்லை" என்று எழுதி, திகதி போட்டேன். பழைய சொக்கெட்டையும் ஸ்குரூவையும் ஒரு பையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறோம். வீடு விடும்போது கேட்டால் திருப்பிப் பூட்டிக் கொடுக்கலாம். பெயிண்ட் மூடிக்கு மேலே அடிக்கவில்லை. மாஸ்கிங் டேப் ஒட்டிச் சுற்றிவர அடித்தோம். வாசலால் வருகிற எவருக்கும் கண்ணில் படாது. அம்மாவுக்கு அது அங்கே இருப்பது தெரியும்.

பிறகு நம்பர் விஷயத்தையும் ஒழுங்கு செய்தேன். சுவிஸில் 2000ஆம் ஆண்டிலிருந்து வீட்டு நம்பரை ஒரு கொம்பனியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஒப்பந்தத்தை நீங்களாக முதலில் நிறுத்தாதீர்கள், நம்பர் போய்விடும். புதிய கொம்பனியிடம் சொல்லி, அவர்கள் ஊடாக மாற்றவேண்டும். இப்போது அந்த நம்பர் ஹோலில் இருக்கிற போனிலும் அடிக்கும், ஒரு செயலி ஊடாக அம்மாவின் கைப்பேசியிலும் என்னுடையதிலும் அடிக்கும். முதல் தரம் மகள் என் இவரின் போனில் இருந்து எடுத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரேயடியாக அடித்தன. அம்மா ஹோல் போனைத்தான் ஓடிப்போய் எடுத்தார்.

ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றினேன். அப்பா "ஏன், நான் கட்டமாட்டனே?" என்று கோபித்தார். அவருக்கு எழுபது. நான் காரணம் சொல்லவில்லை, அவருக்கும் விளங்கியிருக்கும். அம்மாவுக்குப் பிறகு அந்த நம்பருக்கு மாதாமாதம் நான்தான் கட்டுவேன். எனக்குப் பிறகு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. பிள்ளைகள் மீது அதைச் சுமத்தவும் மனம் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் நான் ஒருநாள் நிறுத்திவிடவும் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தால்தானே அவர்கள் ஒரு முடிவு எடுக்கலாம்.

ஓகஸ்டில் பள்ளி தொடங்கும்போது மகளின் வகுப்பில் அவசரத் தொடர்புப் படிவம் தந்தார்கள். அம்மா, அப்பா நம்பருக்குக் கீழே மூன்றாவதாக ஒரு நம்பர் கேட்டிருந்தது. என்னைக் கேட்காமல் அவளே எழுதினாள், வாய்க்குள் பாடிக்கொண்டு.